குமாரி ராசிக்குத் தொண்டை கட்டக் கூடாது

நீங்களே சொல்லுங்கக்கா கண்டக்டருகிட்ட. நா சொன்னா எனக்கே கேக்காது. பாட்ட நிறுத்த வாணாம், சத்தத்த மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. பாப்பா இப்பதான் கண்ண மூடுது... ஆங், கொறச்சிட்டாரு. ஒங்க பேச்சுக்கு ஒரு மரியாத இருக்குது. நா கேட்டிருந்தா காதுலயே வாங்கியிருக்க மாட்டாரு. தெரியாத ஆளுங்ககிட்ட பேசணும்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். ஒங்ககிட்ட எப்பிடி பேசுறேன்னு எனக்கே தெரியல. ஜன்னலோரம் வுட்டுக் குடுத்தீங்கள்ல, அதான் போலருக்கு.

இல்ல இல்ல, நல்ல பாட்டுதான். யாரு இல்லன்னா? எண்பத்தேழு, எண்பத்தெட்டு வாக்குல வந்ததா இருக்கும். நா பொறக்கவே இல்ல அப்ப. ஆனா கேட்ட ஒடனே வருசத்தச் சொல்லிடுவேன். மொதல்ல நாலு பொம்பளைங்க கூடி லாலாலான்னு ஆரம்பிச்சாங்கன்னா அந்த வருசந்தான். என்னமோ தெருக்கொழாயில தண்ணி வந்துட்ட மாதிரி கூட்டமா ஓடியாருவாங்க, பாடிட்டுப் போயிடுவாங்க, அப்பறம் பாட்டு முடியற வரைக்கும் ஆளக் காணோம்.

சிரிக்காதீங்கக்கா, நெசமாத்தான் சொல்றேன். கவனிச்சிப் பாருங்க. மழ பேஞ்சா ஒரு பாட்டு, மழ வுட்டா ஒரு பாட்டு. அவரு ரயிலேறிப் போனா சோகமா ஒண்ணு, அதே ரயில்ல திரும்பி வந்தா அதே மெட்ட வேகமா அடிச்சி இன்னொண்ணு. நமக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டாங்க பாருங்க. சாவப்போற ஆளு, இருமல்ல ரத்தம் வருது, ரெண்டு சரணத்தயும் ஒழுங்கா பாடி முடிச்சிட்டுத்தான் தலையச் சாய்ப்பாரு. எங்க ஊரு ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஒரு பேசண்டக்கூட நா பாத்தது இல்ல.

ஒங்களுக்கு உசுரா அந்தப் பாட்டெல்லாம்? சரி சரி, நீங்க கேளுங்க. வயசு அப்பிடி... அய்யோ, வயசுன்னு சொல்லல. அந்தக் காலத்துல நீங்க பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்பீங்கன்னு சொல்ல வந்தேன்.

எங்க, சிதம்பரம்தானா? ரிசப்சனா? பொண்ணு வூட்டுப் பக்கமா, மாப்ள வூடா? பத்திரிக்கயக் காட்டுங்க. நா எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆறாவதோட நின்னுட்டேன். மால ஏழு மணிக்கு... கெடிலம் ராகமாலா இன்னிசைக் குழுவினரின்... எண்பதுகளின் தேன்மழ... கொரல், குமாரி ராசி.

ஓ.

தெரியுமாவா? தெரியும்க்கா. எம் மாமியாரு.

அட, என்னாத்துக்குக் கையப் புடிச்சிக்கிறீங்க? நா என்னா செஞ்சேன். அவுங்களோட போட்டா எடுக்கணும்னா மண்டபத்துலயே எடுத்துக்கலாம், யாரையும் வாணாம்னு சொல்ல மாட்டாங்க. எடது பக்கத்துலேந்து எடுங்க, அதான் புடிக்கும். எங்களையும் ஏழு மணிக்கு அங்க வரச் சொல்லித்தான் இருக்காங்க. ஆமா, நாங்க பஸ்ஸுதான். கார்ல எடம் இல்ல. முன்னாடி சீட்டுல அத்த. பின்னாடி ஒரு சீட்டுல பொடவப் பெட்டி, ஒரு சீட்டுல சவுரி முடிப் பெட்டி. சவுரி நசுங்கக் கூடாதுல்ல. புள்ள நசுங்கலாம்.

குமாரிதான், ஆமா. அறுவத்தோரு வயசு ஆவுது. முப்பத்தஞ்சு வயசுல மவன் இருக்காரு, அவரு பேரு இளவரசு, அவரத்தான் நா கட்டியிருக்கேன். அதே குழுவுல ரிதம் பேடு வாசிக்கிறாரு. போஸ்டருல குமாரின்னு போட்டப்ப நெசமாவே குமாரியா இருந்தாங்க. அப்பறம் கல்யாணம் ஆச்சி, புள்ள பொறந்துது, மாமனாரு செத்தும் போயிட்டாரு. போஸ்டருக்கு மட்டும் சேதி போவல.

மூக்க மூடிக்குங்க, குடிகாடு வந்துடுச்சி, கெமிக்கல் கம்பெனி நாத்தம். ம்ம், இன்னைக்கு ஜாஸ்தியா இருக்குது. எங்க அத்த இந்த எடம் வந்தா கார் கண்ணாடிய ஏத்தி, மூஞ்சில ஈரத்துணி கட்டி, செம்மங்குப்பம் தாண்டுற வரைக்கும் மூச்சே வுட மாட்டாங்க. தொண்டைக்கு ஆவாதாம். இங்கயே குடும்பம் நடத்துற ஜனங்களுக்கெல்லாம் தொண்டைய தகரத்துல செஞ்சி வுட்டிருக்குது போல.

கச்சேரியில நீங்க பாட்ட வுட்டுட்டு ஜனங்களப் பாக்கணும். மீசைக்கு மை போட்ட மாமாங்கல்லாம் மேடைக்குக் கீழ வந்து நிப்பாங்க. சீட்டு எழுதி நீட்டுவாங்க, இந்தப் பாட்டு வேணும் அந்தப் பாட்டு வேணும்னு. அவுங்க கேட்ட பாட்டு வந்ததும் கண்ண மூடிக்குவாங்க. ஒரு ஆளு தேம்பித் தேம்பி அழுதாரு ஒரு நாளு. பக்கத்து சேர்ல அவரு பொண்டாட்டி, அழுவல கிழுவல, அவரு மூஞ்சியவே உத்துப் பாத்துட்டு இருக்குது. இந்த மனுசன் யார நெனச்சி அழுவுறான்னு. வூட்டுக்குப் போயி என்னா நடந்திருக்குமோ.

நல்லாப் பாடுவாங்களாவா? பொய் சொல்லக் கூடாது. எங்க வூட்ல பழைய கேசட்டு இருக்குது, மஞ்சக்குப்பத்துல பாடுனது, எண்பத்தெட்டுல. அதுல இருக்குற கொரலு தேனுதான். ஒத்துக்குறேன். கல்யாணம் ஆயி வந்த புதுசுல நா பாத்திரம் கழுவும்போது அதத்தான் போட்டு வெப்பாங்க, மருமவளுக்குத் தெரியணும்னு. படத்துல பாடுன அம்மாவே கேட்டுட்டு, இது நா பாடுனதா நீ பாடுனதான்னு கேட்டாங்கன்னு ஒரு கத சொல்லுவாங்க. எந்த அம்மான்னு கேட்டா வருசத்துக்கு ஒரு அம்மா பேரு வரும். போவட்டும். நானும் கேட்டுக் கேட்டு, பாத்திரம் கழுவிக்கினே முணுமுணுத்து, அந்த நாப்பது பாட்டும் எனக்கு மனப்பாடம். மூச்சு எங்க வாங்குறாங்க, எங்க சிரிக்கிறாங்க, எல்லாம். பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வாய்ப்பாடு ஏறல. இது ஏறுச்சி.

மூணு வருசம் முன்ன அவுங்களுக்குக் கழுத்துல கட்டி வந்துது. ஆப்பரேசன். உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா கொரலு போயிடுச்சிக்கா. பேசுனா பேசுவாங்க. பாட்டுன்னு மேல எடுத்தா பொரிச்ச அப்பளத்த ஒடைக்கிற மாதிரி வரும்.

ஆமா, நீங்க பாத்த வீடியோ போன வருசந்தான். தை மாசம். ஆமா, அதுல கொரலு நல்லாத்தான் இருந்துது.

சொல்லலாமா வாணாமான்னு இருக்குது. நீங்க யாரோ, நா யாரோ. இன்னும் கொஞ்ச தூரம், அப்பறம் நீங்களும் என்ன பாக்கப்போறது இல்ல.

திருவதிகையில ஒரு காதுகுத்து. ஆப்பரேசனுக்கு அப்பறம் மொத கச்சேரி. போவாதீங்கன்னு எல்லாரும் சொன்னோம், கேக்கல. நா மேடைக்குப் பின்னாடி, பெரிய ஸ்பீக்கரு பெட்டி மறப்புல ஒக்காந்து இவளுக்குப் பாலு குடுத்துகினு இருந்தேன். கோரஸ் பாடுற பொண்ணுங்க வெச்சிட்டுப் போன மைக்கு ஒண்ணு எம் மடிக்கிட்ட கெடந்துது. அது ஆன்ல இருந்தது யாருக்குத் தெரியும்? அத்த பாடுறாங்க. அனுபல்லவி வரைக்கும் தள்ளிட்டாங்க. சரணத்துல மேல போவணும், போவல. வாயி தொறந்திருக்குது, சத்தம் இல்ல. நா பாட்டுக்கு எப்பவும் முணுமுணுக்கிற மாதிரி இங்க முணுமுணுக்கிறேன். பாத்தா மண்டபம் பூரா எங் கொரலு.

நிறுத்திடலாம்னு பாத்தேன். அத்த திரும்பி ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. நிறுத்தாதடி. வாயால சொல்லல. அப்பிடியே திரும்பிக்கினு, கைய இப்பிடி ஆட்டிக்கினு, வாய அசைக்கிறாங்க. கைதட்டுன்னா கைதட்டு, கூர பிச்சிக்கினு போச்சி. பாப்பா எங்கிட்ட பாலு குடிச்சிக்கினே இருக்குது.

அதுலேந்து அப்பிடித்தான்.

ஆமாக்கா. நாந்தான். எல்லாத்துலயும் நாந்தான். நீங்க எத்தன தரம் கேட்டன்னு சொன்னீங்களே, அந்தத் தை மாச வீடியோவும்.

நம்ப வாணாம், வுடுங்க. ஒங்க மேல தப்பில்ல. அவுங்க மைக்குக்கு உசுரு கெடையாது, சவுண்டு பாக்குற கொளஞ்சியப்பன் அண்ணன் கையாலயே ஒயர உருவி வெச்சிடுவாரு. எனக்குப் பெட்டிக்குப் பின்னாடி கறுப்புத் துணி கட்டி ஒரு பிளாஸ்டிக்கு சேரு. சமையக்கட்டு வழியா உள்ள போவணும், சமையக்கட்டு வழியா வெளிய வரணும். யாராவது கேட்டா பேடு வாசிக்கிறவரு சம்சாரம், புள்ளையப் பாத்துக்க வந்துது. அப்பிடித்தான் சொல்லணும்.

இதுல தமாசு கேளுங்க. ஒரு நாளு பாட்டு நடுவுல எனக்குத் தும்மல் வந்துடுச்சி. அடக்க முடியல, மைக்குல நல்லா பெருசா போயிடுச்சி. மேடையில அவுங்க டக்குனு முந்தானைய எடுத்து மூக்கத் தொடைக்கிறாங்க! மன்னிச்சிக்குங்கன்னு கும்புடு வேற. ஜனம் பாவம்னு கைதட்டுது. எந் தும்மலுக்கும் கைதட்டு அவுங்களுக்குத்தான்.

மொதல்ல நீ பாடு, நீ பாடுன்னுதான் சொன்னாங்க. ஒரு வருசம் போச்சி. அப்பறம் பாத்தா, நேத்து மூணாவது பாட்டுல எனக்கு சுருதி எறங்கிடுச்சின்னு சொல்றாங்க. எனக்காம். கச்சேரிக்கு முன்னாடி கல்கண்டும் மிளகும் சுடுதண்ணியில போட்டு சொம்பு சொம்பா அவுங்க குடிக்கிறாங்க. எனக்கு ஆறிப்போன காப்பி. இந்தச் சித்திரையில பாப்பா தின்னுட்டு மிச்சம் வெச்ச குச்சி ஐஸ ஒரு கடி கடிச்சேன். ஓடியாந்து புடுங்கிட்டாங்க. ஏண்டி, நீ ஐஸ் தின்னா எனக்குத் தொண்ட கட்டிக்காதா?

சிரிப்பு வருதுல்ல. எனக்கும் அன்னைக்கு சிரிப்புதான் வந்துது.

எனக்கும் அதுல இஷ்டம் இருந்துதுக்கா, அதயும் சொல்லிடணும். மேடையில நிக்கச் சொல்லியிருந்தா நா செத்தே போயிருப்பேன். கறுப்புத் துணிக்குப் பின்னாடி யாரும் என்னப் பாக்கல. அங்க எனக்குக் கூச்சமே இல்ல. அந்த மாமாங்க அழுவும்போது, நாந்தான் அழ வெக்கிறேன்னு ஒரு இது இருக்கும். அது போதும்னு இருந்தேன். எம் பேர போடுங்கன்னு ஒரு நாளும் கேட்டது இல்ல.

ஒரே ஒரு கண்டிசன் போட்டாங்க. வூட்ல பாடக் கூடாது. ஒத்த செவுரு, பக்கத்து வூட்டுக்குக் கேட்டா கண்டுபுடிச்சிடுவாங்களாம். முணுமுணுக்கக்கூடக் கூடாது. பாத்திரம் கழுவும்போது நா பாடி மூணு வருசம் ஆவுது. பாப்பாவ தட்டித்தான் தூங்க வெப்பேன். இவளுக்கு இப்ப நாலு முடிஞ்சிடுச்சி. கச்சேரி நாள்ல இவளக் கொண்டுபோயி மொத வரிசையில ஒக்கார வெச்சிடுவாங்க. ஆயா பாடுறத பாரு, ஆயா பாடுறத பாருன்னு. இவளும் பாத்துக்கினே இருப்பா, கண்ணு கொட்டாம.

இருங்க, போனு... ஆங், சொல்லு மாமா. ஆலப்பாக்கம் தாண்டிட்டுது. ஒக்காந்துதான் வர்றேன். பாப்பா தூங்குது. எல்லாம் எடுத்துக்கினேன். பஸ்ஸு ஆறே முக்காலுக்கு அங்க இருக்கும்னு கண்டக்டரு சொன்னாரு. ஐஸா? ஒண்ணும் திங்கல மாமா, வையி.

பாத்தீங்களா? எம் வூட்டுக்காரரு, சாப்புட்டியான்னு கேக்கல.

நல்லவருதான், அவரச் சொல்லக் கூடாது. அம்மா பேரு கெட்டா குழுவே போயிடும்பாரு. அவரு சொல்றதும் நெசந்தான். எண்பதுகளின் தேன்மழன்னு போட்டாத்தான் இப்பல்லாம் கூப்புடுறாங்க. மத்த பாட்டுக்கு எவன் ஆர்க்கெஸ்ட்ரா வெக்கிறான்?

போன செவ்வாக்கெழம பாப்பாவுக்கு ஜொரம். மத்தியானம். அவுங்க எல்லாரும் ஒரு வீடியோக்காரனுக்குப் பேட்டி குடுக்கப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போயிட்டாங்க. புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, அனத்துது. தட்டிப் பாத்தேன், தூங்கல. மடியில போட்டுக்கினு, காதுக்கிட்ட, ரொம்ப மெதுவா, ஒரு பாட்டு எடுத்தேன். ஒரு வரி பாடியிருப்பேன்.

இவ கண்ண முழிச்சி என்ன பாத்தா. கைய எடுத்து எம் வாயப் பொத்துறா. அது ஆயா பாட்டு, நீ பாடாதங்கிறா.

நா சொன்னேன், இல்லடி தங்கம், அம்மா பாட்டுதான்னு. பொய் சொல்ற, ஆயா மாதிரியே பாடிக் காட்டுறன்னு அழுவுறா. ஆயா கொரல குடுத்துடு, ஆயாகிட்ட குடுத்துடுன்னு. திருடிட்ட மாதிரி. ஜொரத்துல புள்ளைங்க என்னென்னமோ பேசும், சரி. ஆனா சாயங்காலம் ஜொரம் எறங்குனதுக்கப்பறம் போயி அவுங்க ஆயாகிட்டயே சொல்லிட்டா. ஆயா, அம்மா ஒம் பாட்ட எடுத்துகிச்சின்னு.

நா கதவுகிட்ட நிக்கிறேன். இப்ப சொல்லுவாங்க, புள்ளைகிட்டயாவது சொல்லுவாங்கன்னு. அந்த வீடியோக்காரன் கேமராவ இன்னும் மூட்ட கட்டல. அத்த இவளத் தூக்கி மடியில வெச்சிக்கினு, அவனப் பாத்து சிரிச்சிக்கினே சொல்றாங்க. எம் மருமவ பாவம், அவளுக்குத் தாலாட்டுக்கூட வராது. புள்ளைக்கு எல்லாம் நாந்தான் பாடணும்.

அதுவும் வீடியோவுல வந்துடுச்சி. நேத்து பாத்தேன். தெருவே பாத்துது. தண்ணி புடிக்கப் போனா எதிர்வூட்டுத் தமிழ்ச்செல்வி கேக்குது, ஏண்டி, ஒனக்கு ஆராரோகூட தெரியாதாடின்னு.

கொடத்தத் தூக்கிக்கினு வந்துட்டேன். எனக்குத்தான் பேச வராதே.

இல்லக்கா, அழுவல. காத்து அடிக்குது. கண்ணாடிய மூடிடுங்க.

மேடையில ஏறணும்னு எனக்கு ஆச இல்ல, சத்தியமா இல்ல. அந்த மாமாங்களெல்லாம் அவுங்களே வெச்சிக்கட்டும். சவுரி, பொடவ, குமாரி, எல்லாம் அவுங்களுக்கே இருக்கட்டும். இவளுக்குத் தெரியணும். இவ ஒருத்திக்கு.

புதுச்சத்திரம் தாண்டிடுச்சா? அப்ப அடுத்தது. அந்தப் பைய கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா, மேல இருக்குது. ஆமா, கனமாத்தான் இருக்கும், இவ துணி பூரா அதுலதான் இருக்குது. புள்ளையத் தூக்கிட்டேன்னா எனக்குக் கையி பத்தாது.

சிதம்பரம்னு நா எங்கக்கா சொன்னேன்? என்ன வரச் சொல்லியிருக்காங்கன்னுதான் சொன்னேன். டிக்கெட்டு முட்லூருக்குத்தான் எடுத்தேன். எங்க அம்மா வூடு இங்க உள்ள தள்ளி. சுத்தி முந்திரிக் கொல்ல, கூப்புடுற தூரத்துல ஒரு வூடு கெடையாது. கத்திப் பாடுனாக்கூட கேக்க ஆளு இல்ல. இவ வாயப் பொத்துவா, தெரியும். பொத்தட்டும். சின்னக் கையிதான, எவ்ளோ நேரம் பொத்துவா?

அவருக்கா? போனு பண்ணுவாரு. எறங்குனதும் அணைச்சி வெச்சிடுவேன்.

வர்றேன்க்கா. அண்ணே, நிறுத்துங்க, எறங்கணும்! ...நின்னுடுச்சி, எனக்கும் சத்தம் வருது பாருங்க.

நீங்க கண்டிப்பா போங்க. மொத வரிசையிலயே ஒக்காருங்க, எடம் கெடைக்கும். இன்னைக்கு அவுங்க சொந்தக் கொரல்ல பாடுறாங்க.